இடுப்பைச் சுற்றி டேப் பிடிக்காத பரிசோதனை: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர், பொது சுகாதாரத் துறை இயக்குநர் ஆகியோருக்கு,

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீசியனாக வேலை செய்கிறேன். என் அண்ணன் லாரி டிரைவர். 44 வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அவர் உடம்பை வெவ்வேறு இடங்களில் சோதித்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் "நார்மல்" என்றுதான் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நார்மலைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். ரத்த அழுத்தம் 134/86. "140க்குக் கீழதானுங்க இருக்குது, ஒண்ணும் பயமில்லீங்க" என்றார் வந்த அம்மா. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 128. சாப்பிட்டுவிட்டு எடுத்தது என்பதால் அதுவும் நார்மல். சில மாதம் கழித்து டிரைவர்களுக்காக நடந்த ஒரு முகாமில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 108. ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்த வரம்பு 70 முதல் 110 வரை. ஆக, தடித்த எழுத்தும் இல்லை, பக்கத்தில் நட்சத்திரக் குறியும் இல்லை. அப்புறம் தோள்பட்டை வலி என்று போன ஒரு கிளினிக்கில் கொழுப்புப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 178, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 104. "கொழுப்பு நார்மல்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அதே தாளில் ரத்தத்தில் சுற்றும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 200, நல்ல கொழுப்பு எனப்படும் ஹெச்.டி.எல். 34 என்று இருந்ததை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இடுப்பளவை எங்கேயும் யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு நான் டேப் வைத்து அளந்தேன். 98 சென்டிமீட்டர்.

இந்த எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் இழுத்துப்போகும் கோளாறுகளின் கூட்டை மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பார்கள். அப்படிச் சொல்வதற்கு 2009இல் உலக அளவிலான இதய, நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட அளவுகோல் ஐந்து. இடுப்பளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். ஹெச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ். ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் போதும். என் அண்ணனுக்கு ஐந்தும் இருந்தன. ஐந்தும் இருந்த ஒரு மனிதரை, ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொருவர் தனித்தனியாகப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இது ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த கெட்ட நேரம் என்று நான் நினைக்கவில்லை. தினமும் காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களின் ரத்தத்தைத்தான் நான் கையாளுகிறேன். சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் வேகமாகச் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் நீர்ப்பகுதியான சீரம் வைக்கோல் நிறத்தில், அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். சில ட்யூப்களில் அது பால் கலந்த மாதிரி வெளுத்துப்போய் நிற்கும். ராத்திரி சாப்பிட்டது இன்னும் கரையாததாக இருக்குமோ என்று கேட்டால், பன்னிரண்டு மணி நேரம் பட்டினியாகத்தான் வந்திருப்பார்கள். மெஷினில் போட்டால் ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டும். அந்த அளவுக்குப் போனால் எல்.டி.எல்.லை வழக்கமான கணக்கில் போடவே முடியாது. ட்யூபைக் கையில் எடுக்கும்போதே இது யாருடையது என்று லேபிளைப் பார்ப்பேன். முப்பத்தைந்து, நாற்பது வயது. விசைத்தறி ஓட்டுகிறவர், கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுகிறவர், லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர். இப்படி வெள்ளையாகத் தெரிகிறவர்களையாவது யாரோ ஒருவர் கூப்பிட்டுப் பேசுவார். என் அண்ணனைப் போல 180, 200, 220 என்று இருப்பவர்களின் சீரம் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கும். அவர்கள் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஐந்து எண்களும் தற்செயலாக ஓர் உடம்பில் வந்து கூடுவதில்லை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. இது உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் உங்கள் படிவங்கள் இதைத் தெரியாதவை போல இருப்பதால் எழுதுகிறேன்.

வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் ஒட்டிச் சேரும் கொழுப்பு, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைப் போல அடங்கி இருப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகிற ரத்தநாளத்தில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு ஏறினால் ஹெச்.டி.எல். இறங்கும். எல்.டி.எல். துகள்கள் சின்னதாகவும் அடர்த்தியாகவும் மாறும். அப்படி மாறும்போது எல்.டி.எல். எண் கூடாமலே துகள்களின் எண்ணிக்கை கூடிவிடலாம். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்குவது அந்தத் துகள்கள்தான். 104 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு "கொழுப்பு நார்மல்" என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

இன்னொரு பக்கம், கல்லீரலும் தசையும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் விடாமல் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டுகிறது. அதனால்தான் பல வருடம் சர்க்கரை 100க்கும் 110க்கும் நடுவிலேயே நின்று ஏமாற்றுகிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கிறது. நரம்பு மண்டலத்தையும் முடுக்கிவிடுகிறது. அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. அதைச் சுரக்கச் சொல்லும் வேலை இன்சுலினுக்கும் உண்டு. எதிர்ப்பு வந்த உடம்பில் விரிக்கச் சொல்லும் கட்டளை மட்டும் எடுபடுவதில்லை, சுருக்கச் சொல்லும் கட்டளை பழையபடி நடக்கிறது. குழாய் விறைத்துப்போகிறது. வயிற்றுக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. கூடவே, ரத்தக்கட்டி தானாகக் கரைவதைத் தடுக்கும் ஒரு புரதமும் ரத்தத்தில் கூடுகிறது. சுவருக்குள் படிந்த கொழுப்புத் திட்டில் ஒருநாள் சின்ன விரிசல் விழுந்தால், அங்கே உறையும் ரத்தம் உறைந்தபடியே நின்றுவிடுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது.

இதயமும் இதற்குள் மாறியிருக்கும். விறைத்த குழாய்களுக்கு எதிராக அடித்து அடித்து இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. சுருங்குவதில் குறை தெரியாது, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் தாமதம் வரும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்தால் பம்ப் செய்யும் திறன் நன்றாக இருக்கிறது என்று வரும். இதையும் நார்மல் என்று சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

1988இலேயே அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் இந்தக் கூட்டுக்குச் சிண்ட்ரோம் எக்ஸ் என்று பெயர் வைத்து, இன்சுலின் எதிர்ப்புதான் இதன் அடியில் இருக்கிறது என்று சொன்னார். இந்தப் பெயரைத் தனி நோயாகச் சொல்வதில் பயன் உண்டா என்று 2005இல் நீரிழிவு நிபுணர்களே கேள்வி எழுப்பினார்கள். பெயர் குறித்து எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. எந்தப் பெயரும் வைக்க வேண்டாம், ஐந்தையும் ஒருவரே ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். இந்தக் கூட்டு இருப்பவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து, இல்லாதவர்களைப் போல சுமார் இரண்டு மடங்கு.

"ஆள் பார்க்க ஒல்லியாத்தானே இருக்காரு" என்ற பேச்சை ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ பேர் என்னிடம் சொன்னார்கள். அண்ணன் ஐந்தடி ஏழு அங்குலம், 72 கிலோ. கை கால் மெலிசு, வயிறு மட்டும் தள்ளியிருக்கும். புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே அருகருகே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் உயரம் எடை வைத்துப் போடும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் உடல்வாகு இப்படி இருக்கும்போது எடை மெஷினை நம்பி என்ன பயன்? அதே ஆண்டு வெளியான, 52 நாடுகளில் நடந்த மாரடைப்பு ஆய்வும் வயிற்றுப் பருமனை முக்கியமான காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது என்பதும் அந்த ஆய்வின் தகவல்களிலிருந்துதான் தெரிந்தது.

இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் கணக்கு கையில் இருக்கிறது. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இந்தியா நீரிழிவு ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் உண்டு. 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். 15.3 சதவீதம் பேர் சர்க்கரையின் விளிம்பில் நிற்கிறார்கள். ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு உள்ளவர்கள் 81.2 சதவீதம். மிக அதிகமாக இருப்பது எதுவோ, அதைத்தான் நம் வீடு தேடி வரும் பரிசோதனை பார்ப்பதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வந்தது. மாத்திரை வாங்க வெயிலில் நிற்க வேண்டிய பாட்டிமார்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறீர்கள். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்த செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்தான் ஏற்றது. இதையெல்லாம் செய்ய முடிந்த அரசுக்கு ஒரு இஞ்ச் டேப் வாங்குவது முடியாத காரியம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். மாரடைப்பு வந்த நிமிடத்திலிருந்து அரசு ஓடி வருகிறது. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் எண்ணெண்ணாக அது வந்துகொண்டிருக்கும்போது பார்க்க ஆள் இல்லை.

டேப் விஷயத்தை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 30 வயது கடந்தவர்களிடம் நாடு முழுவதும் நிரப்பச் சொல்லும் தொற்றாநோய்ப் படிவத்தில் இடுப்பளவுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஆண்களுக்கு 90 வரை என்றால் மதிப்பெண் இல்லை, 100 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு. பெண்களுக்கு 80, 90 என்று அதே கணக்கு. மொத்த மதிப்பெண் நான்கைத் தாண்டினால் முன்னுரிமை கொடுத்துப் பரிசோதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன நடந்தது தெரியுமா? "பேண்ட் சைஸ் எவ்வளவுங்ணா?" என்று கேட்டார்கள். "முப்பத்திநாலு" என்றார் அண்ணன். எழுதிக்கொண்டார்கள். 34 அங்குலம் என்றால் 86 செ.மீ., மதிப்பெண் பூஜ்யம். தொந்தி உள்ள எந்த ஆணும் பேண்ட்டைத் தொந்திக்குக் கீழேதான் போடுவார். அளக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டையைத் தூக்கி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு. அண்ணன் பேண்ட் சைஸுக்கும் நான் அளந்ததற்கும் வித்தியாசம் 12 செ.மீ. அந்த வித்தியாசத்தில் அவருடைய பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது.

அந்தப் பெண்மணியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் அத்தனை வீடு ஏறி இறங்க வேண்டும், பையில் அழுத்தமானி, குளுக்கோமீட்டர், மாத்திரை என்று சுமை. தெரியாத ஆண் ஒருவரின் சட்டையைத் தூக்கச் சொல்லி டேப் பிடிப்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கும். அதற்கு வழி சொல்லிக் கொடுக்க வேண்டியது துறை. அவரவர் கையில் டேப்பைக் கொடுத்து, எங்கே பிடிப்பது என்று காட்டி, எண்ணை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னால் முடிந்தது.

வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடு, ஹெச்.டி.எல். பார்க்க எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டபோது, "கொழுப்பு டெஸ்டுக்கு ரீஏஜென்ட் இப்போ இல்லீங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள். ரீஏஜென்ட் என்பது பரிசோதனைக்கு வேண்டிய ரசாயனம். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். லோடு ஏற்றிக் காத்திருக்கும் டிரைவருக்கு அந்த ஒரு நாள் கிடைக்காது. ராத்திரி முழுக்க ஓட்டம், பகலில் கேபினுக்குள் வெக்கையில் அரைகுறைத் தூக்கம், கிடைத்த இடத்தில் பரோட்டா, கண்ணைத் திறந்துவைக்க மணிக்கொரு டீ. தூக்கம் கெட்டாலே இன்சுலின் எதிர்ப்பு கூடும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். இந்தத் தொழிலில் இருப்பவரிடம் "வாக்கிங் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது அறிவுரையே ஆகாது. அண்ணனுக்கு நெஞ்சை அடைத்தபோது அவர் நெடுஞ்சாலையில் இருந்தார். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு மேலும் வண்டி ஓட்டியிருக்கிறார். பின்னால் முழு லோடு.

முன்கூட்டியே பிடித்தால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் விளிம்பில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு உணவு, நடை இவற்றில் தொடர்ந்து வழிகாட்டியதாலேயே அவர்கள் நீரிழிவுக்குள் விழும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. ஒரு தடவை சொல்லி அனுப்பியதால் வந்த பலன் இல்லை அது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசியதால் வந்தது. கூப்பிட்டுப் பேச வேண்டுமென்றால் முதலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 45 சதவீதம். கனரக வண்டி இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி இப்போது ஒரு முட்டை கிடங்கில் அட்டை அடுக்கும் வேலைக்குப் போகிறார். இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் தெருவில் அதே பரிசோதனை அதே மாதிரிதான் நடக்கிறது. அதனால் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன்.

வீடு தேடி வரும் ஒவ்வொரு தன்னார்வலருக்கும் ஒரு டேப் கொடுங்கள். இடுப்பளவை சென்டிமீட்டரில் எண்ணாக எழுதாமல் அந்தப் பதிவு முடியக் கூடாது என்று செயலியிலேயே ஏற்பாடு செய்யுங்கள். பேண்ட் சைஸ் கேட்டு எழுதுவதைத் தடை செய்து சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இடுப்பு 90, 80ஐத் தாண்டியவர்களுக்கும், அழுத்தம் 130/85ஐத் தொட்டவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, ஹெச்.டி.எல். மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பாருங்கள். ரீஏஜென்ட் தீர்ந்துபோகும் நிலையங்களின் பட்டியலை மாதாமாதம் வெளியிடுங்கள். எல்லோருக்கும் எல்லாம் பார்க்கச் சொல்லவில்லை. டேப்பும் அழுத்தமானியும் சல்லடை போட்டுக் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் கேட்கிறேன்.

நோயாளியின் கையில் இருக்கும் அட்டையில் ஐந்து அளவுகளுக்கும் ஒரே வரிசையில் கட்டம் போடுங்கள். எத்தனை வரம்பு மீறியது என்று கடைசியில் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள். மூன்று அல்லது அதற்கு மேல் வந்தவரை நோயாளியாகவே பதிவு செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூப்பிடுங்கள். இதற்கு மட்டும் மருத்துவர் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியர் போதும்.

அரசு, தனியார் என்று எல்லாப் பரிசோதனைக் கூடங்களும் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 100ஐயே வரம்பாக அச்சடிக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள். பழைய 110ஐ இன்னும் அச்சடிப்பவர்கள் நிறையப் பேர். என் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள், சாஃப்ட்வேரில் ஒரு எண்ணை மாற்றும் வேலைதான்.

போக்குவரத்துத் துறையோடு பேசி, கனரக ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போது வாங்கும் மருத்துவச் சான்றோடு இந்த ஐந்து அளவுகளையும் சேருங்கள். எண் கூடுதலாக இருந்தால் உரிமத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் யாரும் உண்மையான அளவைக் காட்ட மாட்டார்கள். சிகிச்சைக்கு அனுப்புவதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும் என்று எழுத்திலேயே உறுதி கொடுங்கள்.

இதையெல்லாம் மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், நாமக்கல், சங்ககிரி லாரி நிறுத்தங்களில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டிகள் நிற்கும் நேரத்தில், டிரைவர்கள் டீ குடிப்பதற்கு முன்னால் வர வேண்டும். ரத்தம் எடுக்க ஆள் பற்றாக்குறை என்றால் என்னையும் என் போன்ற டெக்னீசியன்களையும் கூப்பிடுங்கள், சம்பளம் கேட்காமல் வருகிறோம். எந்த மாதம் தொடங்குவீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.